குற்றவாளியா, சுற்றவாளியா

அப்புத்துரையின் தோட்டக் கிணற்றடியில் இருந்த தண்ணீர் இறைக்கும் மிசின் களவுபோன அதே கிழமையில், பொலிஸார் நேசமலரின் படலையடியில் வந்து நின்றார்கள். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான மதியச் சமையலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒருத்தி பெண்.

"அம்மா, விதுசன் எண்டது உங்கட மகனோ?" என்று தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டாள்.

"ஓம்," என்றாள் நேசமலர். என்ன விசயம், ஏன் கேட்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. சீருடை போட்டவர்களிடம் திருப்பிக் கேள்வி கேட்கும் பழக்கம் அவளிடமிருந்து போய் நெடுங்காலமாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, யுத்தத்தின் கடைசி நாட்களில், அவள் வயிற்றுப் பிள்ளையோடு சனத்தோடு சனமாக நடந்து வந்தவள். கணவன் வழியிலேயே செல்லடி பட்டு இறந்துவிட்டான். இராணுவச் சோதனைச் சாவடியில் வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அவளுக்கு முன்னால் நின்ற பெண் தனக்கு எதுவும் தெரியாது என்று மறுத்து மறுத்துப் பேசினாள். அவளை வரிசையில் இருந்து விலக்கிப் புறம்பாக இருத்தினார்கள். நேசமலர் கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றாள். அவளைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். செட்டிகுளத்து முகாமில் விதுசன் பிறந்தான். தானும் பிள்ளையும் உயிரோடு இருப்பது அன்றைக்குக் குனிந்த தலையால்தான் என்பது அவளுடைய நம்பிக்கை. பிறகு அக்கராயனில் பழைய காணிக்குத் திரும்பி வந்து, அரைச்சுவர் வைத்து, தகரம் போட்டு, தனியாளாக அவனை வளர்த்தாள்.

பதினைந்து வயதில் விதுசன் தாயை விட உயரம். பள்ளிக்கூடத்துக் கரப்பந்து அணியில் அவன்தான் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். மற்றவன் ஓங்கி அடித்துக் கைதட்டு வாங்க, இவன் ஒதுங்கி நின்று சிரிப்பான். சனி, ஞாயிறுகளில் அப்புத்துரையின் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டுவான். மிசின் காணாமல் போனதற்கு முதல்நாள் பின்னேரம் அதைக் கடைசியாக நிறுத்தியவன் அவன்தான். "வேற ஒருத்தரும் அந்தப் பக்கம் வரேல்லை" என்று அப்புத்துரை முறைப்பாட்டில் சொல்லியிருந்தார்.

பொலிஸ் நிலையத்தில், பெண்கள் சிறுவர்களுக்கென்று இருந்த அறையில், அந்தப் பெண் பொலிஸ் விதுசனுக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். நேசமலரைப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள்.

"வாக்குமூலம் எடுக்கேக்க தாய் பக்கத்தில இருக்கலாம். சொல்ல விருப்பமில்லாட்டிப் பிள்ளை சொல்லத் தேவையில்லை. எழுதினதை வாசிச்சுக் காட்டுவன். சரியெண்டாத்தான் கையெழுத்து."

நேசமலர் தலையாட்டினாள். ஆனால் அந்த வார்த்தைகளை மற்றவள் ஒரு மரியாதைக்காகச் சொல்வதாகவே எடுத்துக்கொண்டாள். விருப்பமில்லாவிட்டால் சொல்லத் தேவையில்லை என்று ஒரு பொலிஸ்காரி உண்மையிலேயே சொல்லக்கூடும் என்பது அவளுடைய அறிவில் இல்லாத ஒன்று.

"நான் அண்டைக்கு மிசினை நிப்பாட்டிப் போட்டு…" என்று விதுசன் தொடங்கினான்.

நேசமலர் அவனுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "தெரியாமச் செய்திட்டான் பிள்ளை. சின்னப் பெடியன். மன்னிச்சு விடுங்கோ," என்றாள்.

விதுசன் தாயைத் திரும்பிப் பார்த்தான். வாய் அரைவாசி திறந்தபடி இருந்தது.

"நீங்க சொல்லக் கூடாது அம்மா. அவர் சொல்லோணும். தம்பி, நீர் எடுத்தனீரோ?"

அவன் இன்னும் தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய பிடி தளரவில்லை. "ஓம்," என்றான்.

"இப்ப மிசின் எங்க?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. மேசையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "ரோட்டால போன பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டன்," என்றான்.

நேசமலர் அவனுடைய முழங்கையை விட்டாள். அவள் அவனைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். அவனோ இடம், ஆள் எல்லாம் சொல்கிறானே! அப்படியானால் மெய்யாகவே எடுத்துத்தான் இருக்கிறான். அந்த நிமிடத்திலிருந்து தன் பிள்ளை களவெடுத்தவன் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அன்றைக்கே பதில் நீதவான் ஒருவரின் வீட்டுக்குக் கொண்டுபோய், தாயின் பொறுப்பில் பிணையில் விட்டார்கள். வழக்குக்கு வேறொரு திகதி குறித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவனுக்கு அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. சோறு போட்டுக் கொடுத்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "சாப்பிடு. நடந்ததைப் பற்றிக் கதைக்க வேண்டாம்," என்றாள். அவன் வாயால் அதை இன்னொரு தரம் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

அடுத்தநாள் அவளுடைய தம்பி தயாபரன் வந்தான். உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். யுத்தம் முடிந்தபின் புனர்வாழ்வு முகாமில் தடுப்பில் இருந்து வந்தவன். அவனும் மருமகனிடம் எதுவும் கேட்கவில்லை. தமக்கையிடம்தான் சொன்னான்.

"அக்கா, மறுத்து நிண்டா வழக்கு இழுபடும். வருசக் கணக்கில அலைய வேண்டி வரும். ஒத்துக்கொண்டா சின்னப் பிள்ளை எண்டு விட்டிடுவினம். முகாமில நான் கண்ணால கண்டனான். ஓம் எண்டவன் வேளைக்கு வீட்டுக்குப் போனான். இல்லையெண்டு நிண்டவன் கடைசி ஆளாப் போனான்."

அன்று பின்னேரம் நேசமலர் முற்றத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, தானே நீதவானாக அதில் இருந்துகொண்டு, மகனை எதிரே நிறுத்தினாள்.

"நிமிந்து நில். பொக்கற்றுக்க கை விடாத. கையைக் கட்டாத, திமிர் எண்டு நினைப்பினம். நீதவான் வரேக்க எழும்பு, இருக்கச் சொன்னாப் பிறகு இரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சரி, நீ எடுத்தனியா?"

"ஓம் ஐயா."

"முகத்தை அப்பிடி வைச்சிருக்காத. இன்னொருக்காச் சொல்லு."

"ஓம் ஐயா."

அவன் ஒருதரமும் பிழை விடவில்லை. வழக்கு நாள் வரும்வரை அவள் அந்தப் பயிற்சியை விடவில்லை. பிறகொரு காலத்தில், தன் வாழ்க்கையில் செய்த எல்லாவற்றிலும் அந்தப் பின்னேரங்களைத்தான் அவள் அழித்துவிட விரும்பினாள்.

வழக்கு நாளன்று விதுசன் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டான். கிளிநொச்சி நீதிமன்ற வளவில் மரங்களுக்குக் கீழே சனம் நிறைந்திருந்தது. பெரிய மண்டபத்தில் எல்லார் முன்னாலும் கூண்டில் ஏற்றுவார்கள் என்று நேசமலர் நினைத்திருந்தாள். ஆனால் காவலாளி அவர்களைப் பக்கத்திலிருந்த சிறிய அறைக்குக் கூட்டிப் போனான். சிறுவர் வழக்கென்றால் சம்பந்தப்பட்டவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வர முடியாது. பெரிய கைதிகளோடு பிள்ளையை ஒன்றாக வைத்திருக்கவும் மாட்டார்கள்.

அங்கே இலவச சட்ட உதவிக்காக வருகிற சட்டத்தரணி பிரியந்தினி நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். விதுசனோடு தனியாகக் கொஞ்சம் கதைக்கலாமா என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. அவன் ஒத்துக்கொள்ளப் போறான்," என்றாள் நேசமலர்.

"ஒத்துக்கொள்ளுறதெண்டாலும் என்னத்தை ஒத்துக்கொள்ளுறார் எண்டு அவருக்கு விளங்கோணும் அம்மா. அது அவற்ற உரிமை. நான் காசு ஒண்டும் கேக்க மாட்டன்."

"காசுக்கில்லை பிள்ளை. சட்டத்தரணி வந்தா எதிர்த்து நிக்கிறம் எண்டு நினைப்பினம். எங்களுக்கு எதிர்க்க வேண்டாம்."

பிரியந்தினி விதுசனைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வேறொரு வழக்குக்கு அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். "மனம் மாறினா என்னைக் கூப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீதவான் ஒரு பெண். கறுப்பு மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண மேசைக்குப் பின்னால் இருந்தார். தாய் சொல்லிக்கொடுத்தபடியே விதுசன் நிமிர்ந்து நின்றான்.

"தம்பி, நான் சொல்லுறது உமக்கு விளங்குதோ?"

"ஓம்."

"விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லலாம். அது பிழையில்லை. அப்புத்துரை எண்டவரின்ர தண்ணி மிசினை அவருக்குத் தெரியாம நீர் எடுத்ததா முறைப்பாடு. நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?"

விதுசன் திகைத்துப் போனான். அந்தக் கேள்விக்கு ஓம் என்று பதில் சொல்ல முடியாது. சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவன் என்று நீதிமன்றத்தில் பொருள். அவன் அந்தச் சொல்லை அதற்குமுன் கேட்டதில்லை. இரண்டும் ஒரே மாதிரியாகத்தான் அவன் காதில் விழுந்தன.

"ஓம்," என்றான்.

"எது ஓம்?" நீதவானின் குரலில் கோபமில்லை. "நான் லேசாக் கேக்கிறன். நீர் எடுத்தனீரோ, எடுக்கேல்லையோ? விருப்பமில்லாட்டி ஒண்டும் சொல்லாமலும் இருக்கலாம். அப்பிடி இருந்தா அதை நான் உம்மில பிழையா எடுக்க மாட்டன். விசாரணை வைப்பம்."

விசாரணை என்ற சொல் நேசமலரை உலுக்கியது. எழுந்து நின்றாள்.

"எடுத்தவன் அம்மா. ஒத்துக்கொள்ளுறான்."

"நீங்க இருங்கோ அம்மா. உங்களுக்கும் கதைக்க நேரம் தருவன். இப்ப பிள்ளைதான் சொல்லோணும்."

விதுசன் தாயின் பக்கம் திரும்பினான். கும்பிட்டபடி அவள் அவனைப் பார்த்தாள். சொல்லடா, சொல்லிப்போட்டு வா, வீட்டை போவம் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

"எடுத்தனான்," என்றான்.

"சொல்லச் சொல்லி ஆரும் வெருட்டினவையோ?"

"இல்லை."

அதுவும் உண்மைதான். அவனை ஒருவரும் வெருட்டவில்லை.

நீதவான் உடனே எந்த முடிவும் சொல்லவில்லை. நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையைக் கேட்டுத் திகதி போட்டார். பிள்ளையின் பெயரோ படமோ எந்தப் பத்திரிகையிலும் வரக்கூடாது என்றும் சொன்னார். அது நேசமலருக்கு ஆறுதலாக இருந்தது. ஊருக்குப் பத்திரிகை தேவையில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

நன்னடத்தை உத்தியோகத்தர் சாரங்கா ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் போய் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். விதுசனோடு மாமரத்தடியில் நெடுநேரம் தனியாகக் கதைத்தாள். பிறகு குசினி வாசலுக்கு வந்து நேசமலருக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் இருந்தாள்.

"அம்மா, எடுத்தனான் எண்டு சொல்லுறார். எப்பிடிக் கழட்டினது, எப்பிடிக் கொண்டு போனது எண்டு கேட்டா ஒண்டும் இல்லை. அந்த மிசின் ஒரு ஆள் தூக்கிற பாரமில்லையே. நீங்க அவரிட்டக் கேட்டனீங்களா?"

"கேட்டு என்ன பிள்ளை செய்யிறது? நடந்தது நடந்து போச்சு."

"எடுத்தனியா எண்டு ஒருக்காவாவது கேட்டனீங்களா?"

நேசமலர் அடுப்பை ஊதினாள். இந்தப் பெண் எல்லாவற்றையும் கிண்டிக் கிளறி விசாரணைக்கு இழுத்துவிடுவாளோ என்ற பயம்தான் அவளுக்கு அப்போது. "தேத்தண்ணி குடியுங்கோ," என்றாள்.

சாரங்கா தன் ஐயத்தை அறிக்கையில் எழுதினாள். அடுத்த தவணையில் நீதவான் விதுசனிடம் மறுபடியும் கேட்டார். வாக்கை மாற்ற விரும்பினால் மாற்றலாம் என்றார். அவன் வேண்டாம் என்றான். அவனை வீட்டிலேயே இருக்கவிட்டு, ஒரு வருடத்துக்குச் சாரங்காவின் மேற்பார்வையில் வைத்துக் கட்டளை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போக வேண்டும், மாதாமாதம் சாரங்காவைச் சந்திக்க வேண்டும். இதைத் தண்டனை என்று சொல்வதில்லை என்று நீதவான் விளக்கினார்.

வெளியே வந்ததும் நேசமலர் மகனின் தலையைத் தடவினாள். "பாத்தியே, விட்டிட்டினம்!" என்றாள். வழியில் கடையில் அவனுக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தாள். அவன் பாதியைக் குடித்துவிட்டுப் போத்தலை அப்படியே வைத்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'மிசின்' என்று பெயர் விழுந்தது. முதலில் ஒருத்தன், பிறகு வகுப்பு முழுவதும். யாருடையதாவது பேனை காணாமல் போனால் எல்லாக் கண்களும் அவன் பக்கம் திரும்பும். கரப்பந்தில் அவன் தூக்கிக் கொடுத்த பந்தை அடிக்காமல் விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவன் விளையாடப் போவதை நிறுத்தினான். நேசமலர் சமையற்கொட்டிலில் நின்றபடி, இடைவேளையில் அவன் தனியாகச் சுவரோரம் நிற்பதை நாள்தோறும் கண்டாள். செய்த பிழைக்குக் கொஞ்சம் அனுபவிக்கத்தான் வேண்டும், காலப்போக்கில் சரிவரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சாரங்கா அதிபரோடு இரண்டு தரம் கதைத்துப் பார்த்தாள். பதினாறு வயது முடிந்ததும் விதுசன் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு, தயாபரனுக்குத் தெரிந்த முன்ஸிர் என்பவரின் அலுமினிய யன்னல் செய்யும் கடையில் வேலை பழக வவுனியாவுக்குப் போனான். மேற்பார்வையையும் அங்கே மாற்றிக் கொடுத்தார்கள்.

மாரி தொடங்குகிற காலத்தில் ஒருநாள் அப்புத்துரை வந்தார். படலையைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார்.

"நேசமலர், மிசின் அம்பிட்டிட்டுது."

அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தாள்.

"புதுக்குடியிருப்பில ஒரு வாடகை வீட்டில பிடிச்சிருக்கினம். இந்தப் பக்கத்தில களவுபோன மிசின் எல்லாம் அங்கதான். ரெண்டு பேர், வாகனம் கொண்டு வந்து எடுத்திருக்கிறாங்கள். என்ர மிசினையும் அடையாளம் காட்டிப்போட்டு வாறன்." அவருடைய குரல் உடைந்தது. "உன்ர பெடியனை அவங்களுக்குத் தெரியவே தெரியாதாம்."

நேசமலர் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டாள். "அவன் ஒத்துக்கொண்டவன் அப்பு," என்றாள்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை," என்றார் அப்புத்துரை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் வவுனியாவுக்குப் போனாள். கடையின் பின்புறம் விதுசன் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தான். முன்ஸிர் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, அம்மாவோட போய்க் கதைச்சிட்டு வாங்க," என்று அனுப்பினார். பக்கத்து வளவில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவள் அப்புத்துரை சொன்னதைச் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. கையிலிருந்த கண்ணாடித் தூளைத் தட்டினான்.

"நீ எடுக்கேல்லையே ராசா?"

"இல்லை."

"அப்ப ஏனடா எடுத்தனான் எண்டனி?"

"நீங்கதானே பொலிசில முதல் சொன்னனீங்க. அம்மாவே சொல்லுறா, இனி இல்லையெண்டு சொல்லி ஆர் நம்பப் போயினம் எண்டு நினைச்சன்."

"இரும்புக்காரனுக்குக் குடுத்தது எண்டியே…"

"எங்க எண்டு கேட்டினம். ஏதாவது சொல்லத்தானே வேணும்."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே அப்பன்."

"அண்டைக்குச் சாப்பிடேக்க சொல்ல வந்தனான். கதைக்க வேண்டாம் எண்டிட்டீங்க. பிறகு எல்லாரும் எப்பிடி நிக்கிறது, எப்பிடிக் கதைக்கிறது எண்டுதான் சொல்லித் தந்தனீங்க. எடுத்தனியா எண்டு வீட்டில ஒருத்தரும் மெய்யாக் கேக்கேல்லை. அந்தப் பொலிஸ் அக்காவும் நீதவான் அம்மாவும்தான் கேட்டவை. நான் அப்ப உங்களைப் பாத்தனான்."

நேசமலர் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உரக்க அழுதாள். சோதனைச் சாவடியில் அழாதவள், கணவனைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு வரும்போதும் பிள்ளைக்காக அழுகையை அடக்கிக்கொண்டவள். விதுசன் கடைக்குள் போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

அவள் பிரியந்தினியைத் தேடிப் போனாள். தான் செய்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். பிரியந்தினி குறை சொல்லவில்லை. மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுப் போட்டாள். சாரங்கா முன்பு எழுதிய ஐயமும், பிடிபட்டவர்களின் வாக்குமூலமும் துணையாக இருந்தன. அந்த வழக்கும் தவணை தவணையாகப் போனது. நேசமலர் ஒரு தவணையையும் தவறவிடவில்லை. கடைசி நாளில் நீதிபதி பழைய கட்டளையை நீக்கி, விதுசன் சுற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லி முடித்ததும் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

படியிறங்கும்போது பிரியந்தினி அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். "இனி உம்மில ஒண்டும் இல்லை, விதுசன்."

"நன்றி அக்கா," என்றான்.

வாசலில் நேசமலர் அவனோடு கதைத்தாள். அதிபர் திரும்பிச் சேர்க்கிறேன் என்று சொன்னதையும், அப்புத்துரை ஊரெல்லாம் போய் உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பதையும் சொன்னாள். அவன் மறித்துப் பேசாமல் முழுவதையும் கேட்டான்.

"என்ர வகுப்பு சோதினை எழுதி முடிச்சிட்டுதம்மா. இனி நான் சின்னப் பெடியங்களோட போயிருந்து என்ன செய்யிறது? முன்ஸிர் நானா இந்த மாதம் தனியா ஒரு வீட்டு வேலை தாறனெண்டவர்."

"நான் கேட்டிருந்தா, நீ இல்லை எண்டு சொல்லியிருந்தா, நான் நம்பியிருப்பன் ராசா."

விதுசன் யோசித்தான். பொய் சொல்லித் தாயை ஆற்ற அவனுக்கு வரவில்லை. "தெரியாதம்மா," என்றான் மெதுவாக.

அக்கராயன் பக்கம் போகிற பஸ்ஸில் அவளுக்கு இருக்கை பிடித்துக் கொடுத்துவிட்டு, யன்னலோரம் நின்று, "கண்ணைக் காட்ட வேணும் எண்டனீங்களே, அடுத்த கிழமை வாங்கோ. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்," என்றான். பஸ் நகர்ந்ததும் வவுனியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வீதியைக் கடந்து போனான். நேசமலர் சனத்துக்குள் அவனுடைய நீலச் சேட்டு மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடத்துநர் எங்கே இறக்கம் என்று இரண்டு தரம் கேட்டும் அவளுக்குக் கேட்கவில்லை.